எதிரிக்குத் தெரிந்திருந்த ரகசியம்

இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் உளவுத் துறை பெற்ற வெற்றிகள் உலகறிந்தவை. ஜெர்மனியின் எனிக்மா சங்கேதத்தை பிளெட்ச்லி பார்க் மாளிகையில் இருந்தவர்கள் உடைத்ததும், பிரிட்டனுக்குள் ஊடுருவிய ஜெர்மானிய ஒற்றர்களைப் பிடித்து, அவர்களைக் கொண்டே பெர்லினுக்குப் பொய்த் தகவல்களை அனுப்பியதும் நூல்களாகவும் திரைப்படங்களாகவும் வந்துவிட்டன. இவையும்கூட ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் மூடி வைக்கப்பட்டிருந்தவைதாம். 1970-களின் முற்பகுதியில் வெளிவந்த நூல்கள் வழியாகவே பொதுமக்கள் இவற்றை அறிந்தார்கள். மறைத்து வைத்த வெற்றி என்றேனும் வெளியே வரும்போது புகழைக் கொண்டுவரும். அதனால் அதை மறைப்பதில் எவருக்கும் நட்டமில்லை. தோல்வியை மறைப்பது அப்படிப்பட்டதன்று. அதற்கு விலை கொடுத்தவர்கள் யார் என்பதைத்தான் இங்கே பார்க்க வேண்டும்.

1940 ஜூனில் பிரான்ஸ் வீழ்ந்தது. அடுத்த மாதமே பிரிட்டன் ஒரு புதிய ரகசிய அமைப்பை உருவாக்கியது. எஸ்.ஓ.இ. என்று சுருக்கமாக அழைக்கப்பட்ட அந்தச் சிறப்புச் செயல் அமைப்பின் பணி, தகவல் திரட்டுவது மட்டுமன்று. ஜெர்மனி கைப்பற்றிய நாடுகளுக்குள் ஆள்களை அனுப்பி, ரயில் பாதைகளையும் ஆலைகளையும் தகர்ப்பது, உள்நாட்டு எதிர்ப்பாளர்களுக்கு ஆயுதம் கொடுத்துப் பயிற்சி அளிப்பது ஆகியவையே அதன் முதன்மை வேலை. ஐரோப்பாவையே பற்றி எரியச் செய்யுமாறு சர்ச்சில் இட்ட கட்டளையிலிருந்து பிறந்த அமைப்பு அது. லண்டன் பேக்கர் தெருவில் அதன் தலைமையகம் இயங்கியது. பிரிட்டனின் பழைய வெளிநாட்டு உளவு அமைப்பான எம்.ஐ.6-க்கு இந்தப் புதிய அமைப்பைக் கண்டால் ஆகாது. ஓசைப்படாமல் ஒற்று வேலை பார்க்கும் இடத்தில் வெடிகுண்டு வைக்கும் கூட்டம் எதற்கு என்பது அவர்களுடைய எரிச்சல். எதிரியை விடவும் தங்களுக்குள்ளேயே இந்த அமைப்புகள் அதிகம் மோதிக்கொண்டனவோ என்று அக்கால ஆவணங்களைப் பார்க்கும்போது தோன்றும்.

எஸ்.ஓ.இ.யின் பிரான்ஸ் பிரிவுக்குத் தலைவர் மாரிஸ் பக்மாஸ்டர். போருக்கு முன் ஃபோர்டு மோட்டார் நிறுவனத்தில் பணியாற்றியவர். பிரான்ஸையும் பிரெஞ்சு மொழியையும் நன்கறிந்தவர். எதையும் நம்பிக்கையோடு பார்க்கும் இயல்பினர். அவருடைய வலக்கையாக இருந்தவர் வேரா அட்கின்ஸ் என்ற பெண்மணி. பிரான்ஸுக்குச் செல்லும் ஒவ்வொருவரின் போலி அடையாள அட்டையையும், சட்டையில் தைத்திருக்கும் கடை முத்திரையையும், பையில் கிடக்கும் பயணச் சீட்டையும் சரிபார்த்து விமானம் ஏற்றி அனுப்பியவர் அவரே. இந்தப் பிரிவு பிரான்ஸுக்கு அனுப்பியவர்கள் 400-க்கும் மேற்பட்டோர். அவர்களில் 39 பேர் பெண்கள். அனுப்பப்பட்டவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் உயிரோடு திரும்பவில்லை.

ஒரு ரகசியக் குழு பொதுவாக மூவரால் ஆனது: தலைவர், செய்தி கொண்டு செல்பவர், வயர்லெஸ் இயக்குபவர். மூவரில் மிக ஆபத்தான வேலை மூன்றாமவருடையது. ஒரு சிறு பெட்டிக்குள் அடங்கிய வயர்லெஸ் கருவியைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாக மாறிக்கொண்டே இருக்க வேண்டும். ஜன்னலுக்கு வெளியே கம்பியை நீட்டி மோர்ஸ் குறியில் செய்தி அனுப்பத் தொடங்கிய சில நிமிடங்களிலேயே, அலை வரும் திசையைக் கண்டறியும் ஜெர்மானிய வண்டிகள் தெருவுக்குள் நுழைந்துவிடும். பாரிஸில் ஒரு வயர்லெஸ் இயக்குநர் பிடிபடாமல் இருக்கக்கூடிய காலம் சராசரியாக ஆறு வாரங்கள் என்று அப்போது கணக்கிட்டிருந்தார்கள்.

பிடிபட்டவரைக் கொல்வதால் ஜெர்மானியர்களுக்கு லாபம் குறைவு. அவருடைய கருவியிலிருந்து அவர் பெயரிலேயே லண்டனுக்குச் செய்தி அனுப்பினால், லண்டன் மேலும் ஆயுதங்களையும் ஆள்களையும் அனுப்பும். எங்கே, எந்த இரவில் என்பதையும் சொல்லும். இந்த அபாயத்தை லண்டன் அறியாமல் இல்லை. அதனால்தான் ஒவ்வொரு வயர்லெஸ் இயக்குநருக்கும் 'பாதுகாப்புக் குறி' என்ற ஒன்றைக் கற்பித்திருந்தார்கள். செய்தியின் குறிப்பிட்ட இடத்தில் வேண்டுமென்றே ஓர் எழுத்துப் பிழை செய்ய வேண்டும் என்பது போன்ற ஓர் ஏற்பாடு அது. இத்தகைய குறிகள் இரண்டு இருக்கும். சித்திரவதை தாங்க முடியாமல் போனால் ஒன்றைச் சொல்லிவிடலாம். மற்றொன்றைச் சொல்லக் கூடாது. அந்த இரண்டாவது குறி இல்லாமல் செய்தி வந்தால், அனுப்பியவர் எதிரியின் கையில் இருக்கிறார் என்று லண்டன் புரிந்துகொள்ள வேண்டும்.

ஏற்பாட்டில் குறையில்லை. அதை மதித்து நடக்க ஆள்தான் இல்லாமல் போயிற்று.

முதலில் சறுக்கியது நெதர்லாந்துப் பிரிவு. 1942 மார்ச்சில் தி ஹேக் நகரில் ஹியூப் லாவர்ஸ் என்ற வயர்லெஸ் இயக்குநர் பிடிபட்டார். ஜெர்மானிய ராணுவ உளவு அதிகாரி ஹெர்மன் கிஸ்கெஸ் அவரைக் கொண்டு செய்தி அனுப்ப வைத்தார். லாவர்ஸ் தயங்காமல் ஒப்புக்கொண்டதற்குக் காரணம் உண்டு. பாதுகாப்புக் குறியை விட்டுவிட்டு அனுப்பினால் லண்டன் உடனே விழித்துக்கொள்ளும் என்று அவர் நம்பினார். குறி இல்லாத செய்திகள் போய்க்கொண்டே இருந்தன. லண்டன் விழிக்கவில்லை. 'பிடிபட்டேன்' என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லையே வெற்று எழுத்துகளுக்கு இடையில் புகுத்தி அனுப்பினார். அதுவும் யார் கண்ணிலும் படவில்லை. அடுத்த ஓராண்டுக்கும் மேலாக லண்டன் அனுப்பிய ஆள்கள், ஒருவர்பின் ஒருவராக, தங்களுக்காகக் காத்து நின்ற ஜெர்மானியர்களின் கைகளில் நேராகப் போய் இறங்கினார்கள். இவ்வாறு சிக்கியவர்கள் 50-க்கும் மேற்பட்டோர். பெரும்பாலோர் 1944 செப்டம்பரில் மாவுட்ஹவுசன் முகாமில் கொல்லப்பட்டார்கள்.

இதில் ஐயம் கொண்ட ஒருவர் லண்டனில் இருந்தார். சங்கேதப் பிரிவின் பொறுப்பாளரான லியோ மார்க்ஸ் அப்போது இருபத்திரண்டு வயதைத் தாண்டியிராத இளைஞர். ஒளிந்து நடுங்கியபடி சங்கேதத்தில் எழுதுபவர்கள் தவறு செய்வார்கள். எந்த நாட்டிலிருந்தும் வரும் செய்திகளில் ஒரு பகுதி புரியாத கோலத்தில்தான் வரும். நெதர்லாந்திலிருந்து வந்த செய்திகளில் மட்டும் பிழையே இல்லை. பதற்றமின்றி, மேசையில் அமர்ந்து எழுதுபவர்களால்தான் அப்படி எழுத முடியும் என்று மார்க்ஸ் முடிவு செய்தார். மேலதிகாரிகளிடமும் சொன்னார். பயனில்லை என்பதை அவர் பின்னாளில், 1998-இல் வெளியான தம் நினைவு நூலில்தான் பொதுவெளியில் எழுத முடிந்தது.

1943 ஆகஸ்ட் இறுதியில் பீட்டர் டூர்லைன், பென் உபிங்க் என்ற இரு டச்சுக்காரர்கள் ஜெர்மானியச் சிறையிலிருந்து தப்பி, சுவிட்சர்லாந்து வழியாக அரும்பாடுபட்டு பிரிட்டன் வந்து சேர்ந்தார்கள். நடந்ததை எல்லாம் சொன்னார்கள். அதற்குள் கிஸ்கெஸ், தாம் கைப்பற்றிய கருவி ஒன்றின் வழியாக, அவ்விருவரும் ஜெர்மானியர்களின் கையாள்களாக மாறிவிட்டார்கள் என்று லண்டனுக்குச் செய்தி அனுப்பியிருந்தார். எதிரியின் செய்தி நம்பப்பட்டது. தப்பி வந்தவர்கள் லண்டன் பிரிக்ஸ்டன் சிறையில் அடைக்கப்பட்டார்கள். 1944 ஏப்ரல் முதல் நாள் கிஸ்கெஸ், இதுவரை நடந்த வணிகத்துக்கு நன்றி கூறும் பாணியில் லண்டனைக் கேலி செய்து ஒரு செய்தி அனுப்பித் தம் ஆட்டத்தை முடித்துக்கொண்டார்.

இதில் நம்மை வியக்க வைப்பது ஒன்று உண்டு. எதிரியின் ஒற்றனைப் பிடித்து அவன் கருவியாலேயே எதிரியை ஏமாற்றும் கலையில் அப்போது உலகிலேயே கைதேர்ந்தவர்கள் பிரிட்டிஷாரே. உள்நாட்டுப் பாதுகாப்பு அமைப்பான எம்.ஐ.5 அதைத்தான் 1941 முதல் செய்துகொண்டிருந்தது. ஒரே நகரில், நடந்து போகும் தொலைவில் இருந்த இரண்டு அலுவலகங்களில் ஒன்று இந்த வித்தையைச் செய்தது. மற்றொன்று அதே வித்தைக்கு இரையானது. ஓர் அமைப்பின் ரகசியம் மற்றோர் அமைப்புக்குப் போகக் கூடாது என்ற விதி அவ்வளவு ஒழுங்காகக் கடைப்பிடிக்கப்பட்டது!

நெதர்லாந்தில் நடந்தது பிரான்ஸிலும் நடந்தது. 1943 ஜூன் 16-ஆம் நாள் இரவு, நிலவொளியில் ஒரு சிறு விமானம் பிரான்ஸின் வயல்வெளியில் இறங்கியது. அதில் வந்தவர்களில் ஒருவர் நூர் இனாயத் கான். அவருக்கு வயது 29. தந்தை ஹஸ்ரத் இனாயத் கான், பரோடாவில் பிறந்து, இசையையும் சூஃபி நெறியையும் மேலைநாடுகளுக்குக் கொண்டு சென்றவர். தாய் அமெரிக்கர். தந்தைவழியில் திப்பு சுல்தானின் மரபில் வந்த குடும்பம். ஸ்ரீரங்கப்பட்டினம் வீழ்ந்த பின் திப்புவின் பிள்ளைகளை ஆங்கிலேயர்கள் வேலூர்க் கோட்டையில் சிறைவைத்ததும், 1806 வேலூர்ப் புரட்சிக்குப் பின் அவர்களைக் கல்கத்தாவுக்கு அனுப்பியதும் தமிழ் வாசகர்கள் அறிந்தவை. அந்த மரபில் வந்த ஒரு பெண், அதே பிரிட்டனுக்காக ஒற்றுப் பணிக்குச் சென்றது வரலாற்றின் விசித்திரம். போர் முடிந்ததும் இந்திய விடுதலைக்கு ஆதரவாக நிற்பேன் என்று, அதிகாரப் பதவிக்கான நேர்காணலிலேயே பிரிட்டிஷ் அதிகாரிகளிடம் அவர் மறைக்காமல் சொல்லியிருந்தார்.

நூர் பாரிஸ் அருகே வளர்ந்தவர். சோர்போன் பல்கலைக்கழகத்தில் குழந்தைகள் உளவியல் படித்தவர். புத்த ஜாதகக் கதைகளைச் சிறுவர்களுக்காக ஆங்கிலத்தில் எழுதி 1939-இல் நூலாக வெளியிட்டவர். பொய் சொல்லத் தெரியாத இவரை ஒற்றுப் பணிக்கு அனுப்பலாகாது என்று பயிற்சி அதிகாரிகள் எழுதினார்கள். அந்தக் கருத்தை பக்மாஸ்டர் ஏற்கவில்லை. வயர்லெஸ் இயக்குநர்களுக்கு அவ்வளவு தட்டுப்பாடு.

நூர் சென்று சேர்ந்த ஒரு வாரத்துக்குள் அவருடைய உலகம் சரிந்தது. வட பிரான்ஸில் மிகப் பெரிதாக வளர்ந்திருந்த 'பிராஸ்பர்' வலையமைப்பின் தலைவர் பிரான்சிஸ் சட்டில் ஜூன் 24-ஆம் நாள் கைதானார். அவருடைய வயர்லெஸ் இயக்குநர் கில்பர்ட் நார்மனும் பிடிபட்டார். நூற்றுக்கணக்கான உள்ளூர் மக்கள் வளைக்கப்பட்டனர். நார்மனின் கருவியிலிருந்து ஜெர்மானியர்கள் அனுப்பவைத்த செய்தியில் இரண்டாவது பாதுகாப்புக் குறி இல்லை. லண்டன் என்ன செய்தது தெரியுமா? குறியை மறந்துவிட்டீர்கள், இனிக் கவனமாக இருங்கள் என்று பதில் அனுப்பியது. ஓர் ஆசிரியர் மாணவனைத் திருத்துவதைப் போன்ற அந்தப் பதில், குறி இரண்டு உண்டு என்பதையே ஜெர்மானியர்களுக்குக் காட்டிக் கொடுத்தது.

உடனே திரும்பி வருமாறு நூருக்குச் சொல்லப்பட்டது. அவர் மறுத்தார். அந்த வலையமைப்பின் வயர்லெஸ் தொடர்பில் எஞ்சியது தாம் ஒருவரே என்பதால், மாற்று ஆள் வரும்வரை இருப்பதாகச் சொன்னார். நான்கு மாதங்கள் இருந்தார். ஆறு வாரங்கள் என்ற கணக்கோடு ஒப்பிட்டால் அது நெடுங்காலம். அக்டோபரில் ஒரு பெண் பணத்துக்காக அவரைக் காட்டிக் கொடுத்தார். கைதானபோது, அனுப்பிய செய்திகளை எல்லாம் அவர் எழுதி வைத்திருந்த குறிப்பேடும் ஜெர்மானியர்களிடம் சிக்கியது. செய்திகளைக் கோப்பில் வைக்குமாறு தந்த அறிவுரையை அவர் பிழையாகப் புரிந்துகொண்டார் என்கிறார்கள். இதைச் சொல்லாமல் விட்டு அவரைத் தெய்வமாக்குவது எளிது. ஆனால், அரைகுறைப் பயிற்சியோடு ஒருவரை அனுப்பியவர்களின் பொறுப்பு அதில் மறைந்துபோகும்.

பாரிஸ் ஃபோஷ் நிழற்சாலையில் 84-ஆம் எண் கட்டடம் ஜெர்மானியப் பாதுகாப்புப் பிரிவான எஸ்.டி.யின் தலைமையகம். அங்கே நூர் எதையும் சொல்லவில்லை என்று, அவரை விசாரித்த பிரிவின் தலைவர் ஹான்ஸ் கீஃபரே பின்னாளில் வாக்குமூலம் தந்தார். இருமுறை தப்ப முயன்றார். இரண்டாம் முறை கூரை வழியாக. இரண்டும் தோற்றன. ஆனால், குறிப்பேடு இருந்தது, கருவி இருந்தது. நூர் பெயரில் செய்திகள் லண்டனுக்குப் போகத் தொடங்கின.

அதே காலத்தில் சுவிட்சர்லாந்து வழியாக லண்டனுக்கு ஓர் எச்சரிக்கை வந்தது. நூருக்கு 'விபத்து' நேர்ந்து அவர் 'மருத்துவமனையில்' இருக்கிறார் என்பது அதன் வாசகம். பிடிபட்டார் என்பது அதன் பொருள். அனுப்பியவர் 'சோன்யா'. சோன்யா யார் என்று பக்மாஸ்டருக்குத் தெரியாது. லண்டனில் பயிற்சி பெற்றவர் பட்டியலில் அந்தப் பெயர் இல்லை. எனவே எச்சரிக்கை புறக்கணிக்கப்பட்டது. நூருக்கென்று தாம் தனியாக வகுத்துக் கொடுத்திருந்த ஆபத்துக் குறி, அவர் பெயரில் வந்த செய்தியில் இருந்ததாகவும், அதைத் தாம் சுட்டிக்காட்டியும் பயனில்லாமல் போனதாகவும் மார்க்ஸ் எழுதியிருக்கிறார்.

1944 பிப்ரவரி இறுதியில் மூவர் பாராசூட்டில் குதித்தனர்: மொரீஷியஸைச் சேர்ந்த ஆந்தெல்ம், வயர்லெஸ் இயக்குநர் லயனல் லீ, செய்தி கொண்டு செல்லும் பணிக்காக மதலின் டாமர்மான் என்ற 26 வயதுப் பெண். நூரின் கருவி வழியே ஜெர்மானியர்கள் ஏற்பாடு செய்த இடத்தில் அவர்கள் இறங்கினார்கள். தரையில் கால் பட்டதும் பிடிபட்டார்கள்.

போர் முடிந்தது. பிரான்ஸ் பிரிவில் 118 பேர் காணவில்லை. 1946 ஜனவரியில் எஸ்.ஓ.இ. கலைக்கப்பட்டது. அந்த நாள்களில் பேக்கர் தெரு அலுவலகத்தில் தீ விபத்து ஒன்றும் ஏற்பட்டது. தீயில் போனது கொஞ்சம். வேண்டாதவை என்று கழித்துக் கட்டியது அதிகம். ஆக, எஸ்.ஓ.இ.யின் கோப்புகளில் மிகப் பெரும்பகுதி இன்று இல்லை.

காணாமற்போனவர்களின் குடும்பங்களுக்கு லண்டன் அதுவரை என்ன சொல்லி வந்தது? உங்கள் மகள் நலமாக இருக்கிறாள் என்ற பொருளில் அவ்வப்போது சிறு கடிதங்கள். நூர் சங்கிலியில் கட்டுண்டு கிடந்த மாதங்களிலும் அப்படிப்பட்ட கடிதங்களே அவர் தாய்க்குப் போயின. கடிதங்களை அனுப்பிய வேரா அட்கின்ஸ்தான், போருக்குப் பின் அவர்களைத் தேடிப் புறப்பட்டவரும். பெயர்களை வெளியிட்டால் ரகசியம் கெடும் என்று மேலிடம் தயங்கியபோது, இவர்கள் எங்கே போனார்கள் என்று கண்டுபிடிக்காமல் விடுவதில்லை என்று அவர் பிடிவாதமாக நின்றார். 1946 தொடக்கத்தில் ஜெர்மனி சென்று, போர்க்குற்ற விசாரணைப் பிரிவோடு சேர்ந்து, சிறைக் காவலர்கள், முகாம் அதிகாரிகள், உயிர் தப்பிய கைதிகள் என ஒவ்வொருவராகக் கேட்டறிந்தார். 118 பேரில் 117 பேரின் முடிவை அவர் கண்டறிந்தார் என்பது பதிவு.

இந்தத் தேடலில் ஒரு பெரும் பிழையும் நேர்ந்தது. அல்சாஸ் பகுதியிலிருந்த நாட்ஸ்வைலர் முகாமுக்கு 1944 ஜூலை 6-ஆம் நாள் நான்கு பெண்கள் கொண்டுவரப்பட்டு, அன்றிரவே நச்சு ஊசி போடப்பட்டு எரிக்கப்பட்டார்கள். அவர்கள் வந்திறங்கியதைப் பார்த்தவர்களில் பிரயன் ஸ்டோன்ஹவுஸும் ஒருவர். அவரும் எஸ்.ஓ.இ.யைச் சேர்ந்த கைதி, தொழிலால் ஓவியர். நால்வரின் உடையையும் தோற்றத்தையும் அவர் நினைவிலிருந்து விவரித்தார். மூவர் யார் என்பது தெளிவாயிற்று: ஆந்த்ரே போரல், வேரா லீ, டயானா ரௌடன். கறுத்த கூந்தலுடைய நான்காவது பெண் நூராகத்தான் இருக்க வேண்டும் என்று அட்கின்ஸ் முடிவு கட்டினார். சிறை ஏட்டில் இருந்த அறிமுகமில்லாத பெயர், நூர் சூட்டிக்கொண்ட புனைபெயர் என்று எண்ணினார். நூரின் குடும்பத்துக்கும் அப்படியே தெரிவிக்கப்பட்டது.

உண்மை வேறொரு சிறையிலிருந்து வந்தது. ஃபோர்ட்ஸ்ஹைம் நகரச் சிறையில் இருந்த பிரெஞ்சுப் பெண் கைதி ஒருவர், பக்கத்துத் தனியறையில் கைகால்களில் விலங்கிடப்பட்டிருந்த ஓர் ஆங்கிலப் பெண்ணைப் பற்றிப் போருக்குப் பின் தகவல் தெரிவித்தார். சாப்பாட்டுக் கிண்ணத்தின் அடியில் கீறிக் கீறி இருவரும் செய்தி பரிமாறிக்கொண்டிருக்கிறார்கள். அதில் அந்தப் பெண் கீறிய பெயர் 'நோரா பேக்கர்', கூடவே ஒரு லண்டன் முகவரி. பிரிட்டிஷ் விமானப் படையின் மகளிர் பிரிவில் நூர் சேர்ந்தபோது கொடுத்த பெயர் அதுவே. மீண்டும் விசாரணை நடந்தது. ஃபோர்ட்ஸ்ஹைம் சிறையில் பத்து மாதங்கள் விலங்கோடு இருந்த நூரை 1944 செப்டம்பரில் டாஹாவ் முகாமுக்குக் கொண்டு சென்று, மறுநாள் விடியலில் சுட்டுக் கொன்றார்கள் என்பது உறுதியாயிற்று. அவரோடு கொல்லப்பட்டவர்கள் மூவர்: யோலாந்த் பீக்மன், எலியான் பிளூமன், மதலின் டாமர்மான். நூரின் பெயரில் போன பொய்ச் செய்தியை நம்பி அனுப்பப்பட்ட அதே டாமர்மான்.

அப்படியானால் நாட்ஸ்வைலரில் எரிக்கப்பட்ட நான்காவது பெண் யார்? சோனியா ஒல்ஷனெஸ்கி. ஜெர்மனியில் பிறந்த யூதப் பெண், பாரிஸில் குடியேறிய குடும்பம், நடனக் கலைஞர். பாரிஸிலேயே பிராஸ்பர் வலையமைப்போடு இணைந்த ஒரு குழுவில் சேர்ந்து செய்தி கொண்டு சென்றவர். சுவிட்சர்லாந்து வழியாக நூரைப் பற்றி எச்சரித்த 'சோன்யா' இவரே. உயிரோடு இருந்தபோது, பெயர் தெரியாதவர் என்பதால் இவருடைய எச்சரிக்கை கேட்கப்படவில்லை. இறந்தபின், அதே காரணத்தால் இவருடைய சாவு வேறொருவர் கணக்கில் எழுதப்பட்டது.

இவை எல்லாம் அரசு தானாக முன்வந்து சொன்னவை அல்ல. 1950-களில் பிரிட்டனில் எஸ்.ஓ.இ. வீரக்கதைகளுக்கு நல்ல வரவேற்பு இருந்தது. 'ஓடெட்' என்ற 1950-ஆம் ஆண்டுத் திரைப்படத்தில் பக்மாஸ்டர் தம் வேடத்தில் தாமே தோன்றினார். நினைவு நூல்களும் எழுதினார். மறுபுறம், நூரின் தோழியான ஜீன் ஓவர்டன் ஃபுல்லர், 1952-இல் நூரின் வரலாற்றை எழுதினார். எழுதும்போது எழுந்த ஐயங்களை விடாமல் துரத்தி, நூரை விசாரித்த ஜெர்மானியர்களையே தேடிப் பிடித்துப் பேசினார். லண்டன் மறைத்தவை பலவற்றை அவர் தெரிந்துகொண்டது ஜெர்மானியர்களிடமிருந்துதான். சோனியாவின் கதையைப் பொதுவெளிக்குக் கொண்டுவந்தவர் எலிசபெத் நிக்கோலஸ் என்ற எழுத்தாளர். தமக்குத் தெரிந்த டயானா ரௌடனுக்கு என்ன நேர்ந்தது என்று தேடப் புறப்பட்டு, 1958-இல் நூலாக எழுதினார். அவ்வாண்டு ஐரீன் வார்டு என்ற நாடாளுமன்ற உறுப்பினர் அவையில் விடாமல் கேள்வி எழுப்பினார். அதன் விளைவாகவே அதிகாரபூர்வ வரலாறு ஒன்றை எழுத அரசு இசைந்தது. எம்.ஆர்.டி. ஃபுட் எழுதிய அந்த வரலாறு 1966-இல் வெளிவந்தது. நெதர்லாந்து நாடாளுமன்றமோ போர் முடிந்த சில ஆண்டுகளிலேயே விசாரணைக் குழு அமைத்து, நடந்தது துரோகமா பிழையா என்று ஆராய்ந்து, பிழையே என்று முடிவு சொல்லியிருந்தது. பிரிட்டனில் அப்படி ஒரு நாடாளுமன்ற விசாரணை நடைபெறவே இல்லை.

இந்த மௌனம் வதந்திகளுக்கு வழிவிட்டது. பிராஸ்பர் குழுவை பிரிட்டனே திட்டமிட்டுப் பலி கொடுத்தது, எதிரியைத் திசைதிருப்ப எம்.ஐ.6 செய்த சூழ்ச்சி அது என்ற கதை இன்றும் உலவுகிறது. அதற்கு இடமளித்தவர் ஆன்றி தெரிகூர். பிரான்ஸில் ரகசிய விமானங்கள் இறங்கும் இடங்களை ஏற்பாடு செய்த எஸ்.ஓ.இ. ஆள் இவர், எஸ்.டி.யோடும் தொடர்பு வைத்திருந்தார். குழுவினரின் கடிதங்கள் இவர் வழியே ஜெர்மானியர்களின் கைக்குப் போயின. 1948-இல் பாரிஸில் இவர்மீது வழக்கு நடந்தபோது, பக்மாஸ்டருக்கு அடுத்த நிலையில் இருந்த நிகோலஸ் போடிங்டனே இவருக்கு ஆதரவாகச் சாட்சி சொன்னார், தெரிகூர் விடுதலையானார். ஐயம் எழுவது இயல்பே. ஆனால், மேலிடத்துச் சூழ்ச்சி என்பதற்கு உறுதியான சான்று இதுவரை கிடைக்கவில்லை. ஃபுட்டும் அதை ஏற்கவில்லை. குறி இல்லாத செய்தியை நம்பியது, எச்சரிக்கையைத் தள்ளியது, தாங்கள் கட்டிய வலையமைப்பு உயிரோடிருக்கிறது என்று நம்ப விரும்பியது ஆகியவையே நடந்ததை விளக்கப் போதுமானவை. சூழ்ச்சிக் கதைதான் ஒருவகையில் ஆறுதல் தருவது. அதில் சாவுக்கு ஒரு நோக்கமாவது இருக்கும்.

ரகசியம் காத்ததற்கும் ஒரு நியாயம் சொல்லப்பட்டது. அடுத்த போர் சோவியத் ரஷ்யாவோடு வரலாம். இதே முறைகள் தேவைப்படும். அவற்றை வெளிப்படுத்தலாகாது என்றார்கள். இதை முழுதாகத் தள்ளிவிட முடியாது. ஆனால், பாதுகாப்புக் குறிகள், சங்கேதங்கள், இறங்குமிடங்கள் அனைத்தும் ஜெர்மானிய அதிகாரிகளுக்குத் தெரியும். கீஃபருக்குத் தெரியும், கிஸ்கெஸுக்குத் தெரியும், கிஸ்கெஸ் தம் வித்தையைப் பற்றி நூலே எழுதி வெளியிட்டார். தெரியாமல் இருந்தது, பிள்ளைகளை அனுப்பிவிட்டுக் காத்திருந்த தாய்மார்களுக்கு மட்டுமே.

அட்கின்ஸுக்கும் சொந்தமாக ஒரு ரகசியம் இருந்தது. அவர் ருமேனியாவில் யூதக் குடும்பத்தில் பிறந்தவர். பிரான்ஸ் பிரிவில் பணியாற்றிய காலத்தில் பெரும்பகுதி, சட்டத்தின் கண்ணில் அவர் எதிரி நாட்டுப் பிரஜை. 1944 தொடக்கத்தில்தான் பிரிட்டிஷ் குடியுரிமை கிடைத்தது. பக்மாஸ்டரின் முடிவுகளை அவர் எதிர்த்துப் பேசாததற்கு இதுவே காரணமாக இருக்கலாம் என்று, 2005-இல் அவருடைய வரலாற்றை எழுதிய சேரா ஹெல்ம் கருதுகிறார். அட்கின்ஸ் 2000-ஆம் ஆண்டில் இறக்கும்வரை பக்மாஸ்டரைப் பொதுவில் குறை கூறியதில்லை. தேடிப் போனது கடமை உணர்வாலா, குற்ற உணர்வாலா என்று பிரித்துப் பார்ப்பது கடினம். ஒன்றுமட்டும் சொல்லலாம். கோப்புகள் எரிந்து, அலுவலகம் மூடப்பட்டு, எல்லாரும் வீடு திரும்பிய பின்னும் தேடியவர் அவர்தான்.

நூருக்கு 1949-இல் ஜார்ஜ் கிராஸ் விருது வழங்கப்பட்டது. 2003-இல் எஸ்.ஓ.இ. பணியாளர் கோப்புகள் பிரிட்டிஷ் தேசிய ஆவணக் காப்பகத்தில் திறக்கப்பட்ட பின்னர் அவரைப் பற்றிய புதிய நூல்கள் வந்தன. 2012 நவம்பரில் லண்டன் கோர்டன் சதுக்கத்தில் அவருடைய மார்பளவுச் சிலை திறக்கப்பட்டது.

பிரான்ஸில் வலான்சே என்ற ஊரில், பிரான்ஸ் பிரிவில் உயிரிழந்தவர்களுக்கான நினைவுச் சின்னம் 1991-இல் எழுப்பப்பட்டது. அதில் 104 பெயர்கள். பதின்மூன்று பெண்களின் பெயர்கள் அதில் உண்டு. நூரும் டாமர்மானும் அவர்களில் அடக்கம். சோனியா ஒல்ஷனெஸ்கியின் பெயர் அதில் இல்லை. அவர் லண்டனிலிருந்து அனுப்பப்பட்டவர் அல்லர், பாரிஸிலேயே சேர்ந்தவர்.